பருப்புத் தண்ணீரும் பசுமாடும்

கேள்வி: என் பேத்திக்கு ஒன்றரை வயது. எடை 7.5 கிலோதான். சளி விட்டால் வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வருகிறது. வேளை தவறாமல் பருப்புத் தண்ணீர், டீயில் நனைத்த பிஸ்கட் கொடுக்கிறோம். அங்கன்வாடி சத்துமாவை வேலைக்கார அம்மா வாங்கி வந்து மாட்டுக்குக் கரைத்து வைத்துவிடுவார். நல்ல டானிக் எது?
- ஓர் ஆச்சி, காரைக்குடி பக்கம்

பதில்: டானிக் இருக்கட்டும் ஆச்சி. முதலில் அந்த மாட்டைப் பற்றிப் பேசுவோம்.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை. உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வாசம் வர வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கும்மாயம் கிண்டுகிற கை உங்களுடையது. சத்துமாவும் அதே வித்தைதான்: கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம். நீங்கள் அரைத்தால் பலகாரம், சர்க்கார் அரைத்தால் மாட்டுத் தீவனமா? 'அதெல்லாம் இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு' என்ற நினைப்புதானே? பர்மா தேக்குத் தூண் எத்தனை இருந்தாலும் பிள்ளைக்கு எடை ஏறாது.

இந்த வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி எடை 10 கிலோ. 8 கிலோவுக்குக் கீழே என்றாலே எடைக்குறைவுதான்.

அப்புறம் அந்தப் பருப்புத் தண்ணீர். தண்ணீர் பிள்ளைக்கு, பருப்பு யாருக்கு? பெரியவர்கள் சாம்பாருக்கு! பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணீரால் நிரப்பினால் சோற்றுக்கு இடம் ஏது? டீயோ சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சத்து குறைந்த உடம்பில் நோய் சுலபமாகத் தொற்றும். நோய் வந்தால் சாப்பாடு இறங்காது, எடை இன்னும் இறங்கும். மருமகள் இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறாரா? அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. 2 வயது வரையும், அதற்கு மேலும் கொடுக்கலாம். அதற்கு அவரும் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

டீயை இன்றே நிறுத்துங்கள். சத்துமாவைக் கொதித்த நீரில், கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்துக்குக் கிளறுங்கள். பருப்பு, நெய், கீரை சேர்த்துப் பிசைந்த சோறு, வழக்கமிருந்தால் முட்டை. கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஐந்து வேளை.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். மேல்கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, வீட்டு வைத்தியம் கூடாது. மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்க்க வேண்டும். அதற்கு வேலைக்கார அம்மாவை அனுப்பாதீர்கள். பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்களே போங்கள்.