வரிசையில் பெயரைக் கொடுங்கள், மாத்திரையை அப்புறம் பார்க்கலாம்

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஏழு வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) இருக்கலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள், ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் போய், நிபுணரிடம் அனுப்பும் ரெஃபரல் வாங்கச் சொல்கிறார்கள், கணவரோ "பிள்ளைக்குப் போதை மாத்திரை கொடுக்க விடமாட்டேன்" என்கிறார், ஊரிலிருந்து மாமியார் மூளைக்கு நல்லது என்று ஒரு சூரணம் அனுப்பியிருக்கிறார், நீங்கள் நடுவில் நின்றுகொண்டு இயற்கை வழியா மருந்தா என்று கேட்கிறீர்கள். எங்கள் மூத்தவனுக்கும் இதேதான், இதே வயதில் ஆரம்பித்தது. இப்போது பெரியவனாகிவிட்டான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த முடிவை நீங்கள் இப்போது எடுக்கவே தேவையில்லை. ரெஃபரல் வாங்குவதும் மாத்திரைக்குச் சம்மதிப்பதும் வேறு வேறு. ஜிபி தானாக இந்த மருந்தைத் தொடங்க மாட்டார். குழந்தைநல நிபுணரோ மனநல நிபுணரோ பார்த்து, இதுதான் என்று உறுதிசெய்த பிறகே அந்தப் பேச்சு வரும், அப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அந்த நிபுணரைப் பார்ப்பதற்கான வரிசைதான் நீளம். மாதக்கணக்கில், சில பகுதிகளில் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நீங்களும் கணவரும் பேசி முடிவுக்கு வந்த பிறகு ரெஃபரல் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தக் காத்திருப்பு அதற்கப்புறம்தான் தொடங்கும். அதனால் இந்த வாரமே பெயரைக் கொடுங்கள், சண்டையை வரிசையில் நின்றபடி போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 'ரைட் டு சூஸ்' என்று ஒன்று உண்டு, என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் செலவிலேயே வேறு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்; குழந்தைகளை எந்த மையம் எடுத்துக்கொள்கிறது என்று ஜிபியிடம் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

விசாவைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எங்களுக்கும் இருந்தது. பிள்ளைக்கு ஏடிஎச்டி என்பதற்காக விசா நீட்டிப்பை மறுக்கும் விதி எதுவும் இல்லை. என்எச்எஸ் சிகிச்சை, அரசுப் பள்ளி, பள்ளியில் கிடைக்கும் சிறப்பு உதவி இவை எதுவும் 'பொது நிதி' (பல விசாக்களில் வாங்கக் கூடாது என்று போட்டிருக்கும் அரசு உதவித்தொகைகள்) கணக்கில் வராது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் டிஎல்ஏ என்ற குழந்தைகளுக்கான உதவித்தொகை அந்தக் கணக்கில் வரும். பள்ளி வாசலில் யாராவது நல்லெண்ணத்தோடு "அதற்கு விண்ணப்பியுங்களேன்" என்பார்கள், அவர்களுக்கு உங்கள் விசா நிபந்தனை தெரியாது. உங்கள் விசாவில் பொது நிதி கூடாது என்று போட்டிருந்தால் குடியேற்ற ஆலோசகரிடம் கேட்காமல் அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள். பள்ளியில் சொன்னால் சோஷியல் சர்வீசஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள், மதிப்பீட்டுக்குப் போவது பிள்ளையைக் கவனிக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம், வேறொன்றும் இல்லை.

இன்னொன்று, பள்ளி சொல்லிவிட்டதால் அது ஏடிஎச்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் மகன் ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவன் என்கிறீர்கள். இங்கே வகுப்புக் கணக்கு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது, ஆக அவன்தான் வகுப்பிலேயே சின்னவன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவனாக இருக்கலாம். வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாக வைக்கப்படுகிறது என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். அதோடு புது நாடு, புது மொழி, நண்பன் யாரும் இல்லாத வகுப்பு. காது சரியாகக் கேட்கிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா, இரவில் குறட்டை விடுகிறானா என்று பார்த்துவிடுவதும் அவசியம். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். ஊரில் படிக்கும்போதும் இப்படித்தான் இருந்தானா? பழைய டீச்சரின் குறிப்பு ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள், இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்பார்கள்.

அப்புறம் படிவம். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று வரும். "ஒரு வேலையை முடிக்காமல் எழுந்து போகிறானா: ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும்" என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். நம் ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெளியாளிடம் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் "சில நேரம்" என்று டிக் போடுவோம். சாப்பிடும்போது பக்கத்தில் நின்று ஊட்டி, பையை நாமே அடுக்கி, வீட்டுப்பாடத்துக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்போம். பள்ளிப் படிவம் ஒன்று சொல்ல, வீட்டுப் படிவம் வேறு சொல்ல, குழப்பம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், காத்திருந்ததெல்லாம் வீண். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பதில் எழுதுங்கள்.

பள்ளி உதவிக்கு மருத்துவர் சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் சென்கோ என்று, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், நேரில் போய்ப் பேசுங்கள். என் மகனின் கணக்குத் தாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது: முதல் மூன்று கணக்கு சரியாக இருக்கும், நான்காவதில் பாதி இருக்கும், அதற்குக் கீழே முழுக்க ரயில் படம். சென்கோ செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அதே தாளை மூன்று துண்டாக வெட்டிக் கொடுக்கச் சொன்னார், ஒரு துண்டு முடித்ததும் எழுந்து போய் டீச்சர் மேஜையில் வைக்க வேண்டும். நகர்வதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து முன் வரிசைக்கு மாற்றினார்கள். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று இங்கே வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதலில் சுற்றுச்சூழலை மாற்றிப் பாருங்கள், பெற்றோருக்குப் பயிற்சி கொடுங்கள், அதன் பிறகும் படிப்போ உறவோ கணிசமாகக் கெட்டால் மருந்தைப் பற்றிப் பேசுங்கள் என்று. ஆக உங்கள் கணவர் சொல்லும் இயற்கை வழியும் மருத்துவர் சொல்லும் முதல் படியும் பாதிக்கு மேல் ஒன்றுதான்.

இயற்கை வழி என்ற பெயரில் வருவதையெல்லாம் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரே நேரத்துக்குத் தூங்குவது, தூங்கும் முன் திரையை அணைப்பது, ஓடியாட விடுவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்வது, நல்லதைச் செய்த உடனேயே பாராட்டுவது, இவை எல்லாப் பிள்ளைக்கும் நல்லது, இந்தப் பிள்ளைக்கு இரட்டிப்பு. பெற்றோர் பயிற்சி வகுப்பு கிடைத்தால் ரோஷப்படாமல் போங்கள், "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா" என்று என் கணவரும் முதலில் முறுக்கிக்கொண்டார், பிறகு அவர்தான் ஒரு வகுப்பும் விடவில்லை. மீன் எண்ணெய்க்குப் பலன் இருந்தாலும் மிகச் சிறியது, நைஸ் அதைப் பரிந்துரைக்கவில்லை. செயற்கை நிறங்களைப் பற்றி 2007-இல் சவுத்தாம்ப்டன் ஆய்வு வந்தபின் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்றானது, பாக்கெட்டில் பார்ப்பீர்கள். தவிர்ப்பதில் நஷ்டம் இல்லை, ஆனால் அதைத் தவிர்த்ததால் மட்டும் ஏடிஎச்டி போய்விடாது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள், இரத்தப் பரிசோதனை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

சர்க்கரையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1994-இல் ஒரு ஆய்வு வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. பையன்கள் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை, இனிப்புச் சுவைக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் மட்டும் "உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் மகன் அதிகம் ஆடுவதாக மதிப்பெண் போட்டார்கள், அவனை அதிகம் அதட்டவும் செய்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சூரணமோ எண்ணெயோ மாத்திரையோ, கொடுக்கிற நம் கண்ணை மட்டும் நம்பிப் பலன் தெரிகிறது, தெரியவில்லை என்று சொல்ல முடியாது. டீச்சரிடம் வாரம் ஒரு சின்னக் குறிப்பு கேளுங்கள், எத்தனை வேலை முடித்தான், எத்தனை முறை எழுந்தான் என்று, வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்பதை அவரிடம் சொல்லாமல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மாமியாரின் சூரணத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், கொடுக்காதீர்கள். மூலிகை மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் பாஸ்டனில் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டபோது அவற்றில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் குழந்தையின் கவனத்தையே கெடுக்கும் பொருள், எதைச் சரிசெய்யக் கொடுக்கிறோமோ அதையே கெடுக்கும். லேபிள் இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. "இங்கே டாக்டர் பரிசோதனை முடியும்வரை வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார் அத்தை" என்று சொல்லிவிடுங்கள், மரியாதையும் கெடாது. முதலில் ஜிபியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் அதைத்தான் சொல்வார், அப்போது பொய்யும் இல்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் ஜிபியிடம் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. கணவரின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். ஏடிஎச்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், மூளையைத் தூண்டும் ஊக்கமருந்து வகைதான், சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள மருந்துதான். அதே நேரம், 1937-இல் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் இந்த வகை மருந்து கொடுத்த பிள்ளைகள் பாடத்தில் உட்காருவதைக் கவனித்து எழுதியதிலிருந்து இதைப் பார்த்து வருகிறார்கள், சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், சிறுவயதில் முறையாக எடுத்ததால் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடியதாக நீண்டகால ஆய்வுகளில் தெரியவில்லை. குறுகிய நேர மாத்திரை நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும், நீண்ட நேரத்துக்கானது பள்ளி நேரம் முழுக்க நிற்கும். பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்தலாம். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஆறுதல்.

எங்கள் வீட்டில் மாத்திரை வந்தது. ரயில் படம் நின்றது, கணக்கு முடிந்தது, அது உண்மை. மதியச் சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமலேயே திரும்பி வந்ததும் உண்மை. மாலையில் மருந்தின் வேகம் அடங்கும் நேரத்தில் ஷூவைக் கழற்றச் சொன்னாலே அழுகை. காலையில் மாத்திரைக்கு முன்பே நன்றாகச் சாப்பிட வைத்து, இரவில் பசி திரும்பும்போது இன்னொரு முறை கொடுத்துச் சமாளித்தோம், பிறகு அளவை மாற்றினார்கள், மாலை அழுகை குறைந்தது. தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலி வயிற்றுவலி வரலாம், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடலாம். அதனால்தான் உயரமும் அழுத்தமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல வருடம் விடாமல் எடுத்தவர்களுக்கு உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள், இதையும் மறைக்க விரும்பவில்லை.

மருந்தா பயிற்சியா என்று அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 1999-இல் முடிவு வந்தது. கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும் ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து பயிற்சியைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ஆக, மாத்திரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள், அது விஷம் என்பவரையும் நம்பாதீர்கள். ஊக்கமருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்டோமாக்ஸடின், குவான்ஃபசின் என்று வேறு வகையும் இருக்கிறது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள், இரண்டு மொழி பேசுவதால் ஏடிஎச்டி வருவதும் இல்லை, முற்றுவதும் இல்லை.

கடைசியாக ஊருக்குப் போகும் விஷயம், ஏனென்றால் மருந்து தொடங்கிய பிறகுதான் இதை யோசிப்பீர்கள். இந்தியாவிலும் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. மாத்திரையை மாத டப்பாவில் மாற்றிக் கொட்டாமல் மருந்தகம் கொடுத்த பெட்டியோடு, பிள்ளையின் பெயரும் அளவும் பயணத் தேதியும் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேலான இருப்பை எடுத்துப்போக இங்கே உள்துறை அலுவலக உரிமம் வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், ஐக்கிய அரபு அமீரகம் முன்அனுமதி கேட்கிறது, அதனால் டிக்கெட் போடும் முன் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். கடிதத்தை ஜிபியிடம் முன்கூட்டியே கேளுங்கள், கிளம்புகிற வாரத்தில் கேட்டால் கிடைக்காது.