மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 26. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதாகச் சொல்லி, டைனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரை தந்தார்கள். ஏழு வாரமாகச் சாப்பிடுகிறேன். வலி குறைந்திருக்கிறது, ஆனால் விட்டுவிட்டுக் கறை படுகிறது. "கல்யாணமாகாத பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரையா? அப்புறம் குழந்தை தங்காது" என்று அம்மா நிறுத்தச் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி குறைந்திருக்கிறது என்கிறீர்களே, மருந்து வேலை செய்கிறது.

கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே சினைப்பையிலோ குடலை ஒட்டியோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அங்கும் ரத்தம் கசியும். அது தேங்கிப் பழசாகும் நிறத்தால்தான் சாக்லேட் கட்டி என்ற பெயர். இந்தத் திசுவுக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். டைனோஜெஸ்ட் அதைக் குறைத்து, திசுவைச் சுருங்க வைக்கிறது. வேரோடு எடுத்துவிடாது, அடக்கித்தான் வைக்கும். அதனால்தான் பாதியில் விட்டவர்களில் பலருக்கு வலி திரும்பிவிடுகிறது.

கறை படுவது முதல் சில மாதங்களில் சாதாரணம். போகப் போகக் குறையும். இடைவெளி விடாமல் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். பேட் மாற்றி மாளாத அளவு போனால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது. நிறுத்தினால் மாதவிடாய் பழையபடி வரும். கருத்தரிப்பதில் சிரமம் தருவது இந்த நோய்தான். அதே சமயம், மாத்திரை கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டவும் செய்யாது. கருத்தடை மாத்திரையாகவும் இதை நம்பக் கூடாது.

நான் மேல்படிப்பு படித்த காலத்தில் இந்த நோய்க்கு, ஆண் ஹார்மோன் சாயல் உள்ள டானசால் என்ற மருந்தை நிறைய எழுதுவோம். பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அதில் வலி நின்றது. ஆனால் மீசை அரும்பி, குரல் கட்டைக் குரலாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அழுதார். மருந்தை நிறுத்திய பிறகும் அந்தக் குரல் திரும்பவில்லை. "எப்போதிலிருந்து குரல் மாறியது?" என்று நாங்கள் யாரும் முன்பே கேட்கவில்லை. இன்றும் என்னை உறுத்துகிறது அது. அதனால் உங்களைக் கேட்கிறேன்: மாத்திரை ஆரம்பித்த பிறகு காரணமில்லாமல் மனசு கனக்கிறதா, அழுகை வருகிறதா, தலைவலி உண்டா? இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதே வகையில் (புரோஜெஸ்டோஜன்) வேறு மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது.

யாராவது லூப்ரோலைடு ஊசி போடச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அது சினைப்பையையே தூங்க வைக்கும். உடம்பு திடீரென்று காந்தி வியர்த்துக் கொட்டும். எலும்பின் அடர்த்தி குறையும். அதனால் கூடவே கொஞ்சம் ஹார்மோனும் தருவது வழக்கம். உங்கள் நிலையில் இப்போது அதற்குத் தேவை தெரியவில்லை.

அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்க நினைப்பதை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். கட்டியை மறுபடி எப்போது ஸ்கேன் செய்வது என்று நீங்கள் கேளுங்கள். அட்டை தீர நாலு நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். சின்னக் கடைகளில் இந்த மாத்திரை எப்போதும் இருப்பதில்லை.