அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை வரவில்லை. நிலையை எப்படி அறிவது?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் அம்மாவுக்கு இந்த மாதம் 1,000 ரூபாய் வந்ததாகக் குறுஞ்செய்தி இல்லை என்கிறீர்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். மலையில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. முதலில் பாஸ்புக்கை வங்கியில் பதிந்து பாருங்கள்.

அதில் இல்லையென்றால், ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கலாம். பல வீடுகளில் குழப்பம் இங்கேதான்: புதிய கணக்கு தொடங்கும்போது ஆதார் இணைப்பு அதற்கு மாறிவிடலாம், பணமும் பின்னாலேயே போய்விடும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஓடிபி தேவை என்பதால், ஆதாரில் பதிந்த கைபேசியோடு சிக்னல் உள்ள இடத்துக்குப் போங்கள்.

ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியிலும் இருப்பை அறியலாம். ஆனால் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை அது பல நேரம் ஏற்காது. அதற்காக அம்மா கூனிக்குறுக வேண்டாம். கையைத் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தின் நிலையை உரிமைத் தொகைக்கான அரசு இணையதளத்தில் பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் கேட்கலாம். நிராகரித்திருந்தால் 30 நாட்களுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். கோத்தகிரிக்கு அது குன்னூர். இ-சேவை வழியாகவே அனுப்பலாம், பஸ் ஏற வேண்டியதில்லை. எங்கும் பதில் இல்லையா? முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-ஐ அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.