ஒரு கினி தபால் செலவு: ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

பதில்: ஃப்ளோரா ந்வாபாவிடமிருந்து. நைஜீரியாவின் ஒகுட்டாவில் 1931இல் பிறந்தவர். முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை 1962இல் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபேக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த அச்செபே, லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பும் தபால் செலவுக்கென்று ஒரு கினியும் கொடுத்தார். கினி என்பது பழைய பிரிட்டிஷ் பணக்கணக்கு, அதாவது 21 ஷில்லிங். அந்தப் பிரதிதான் 1966இல் வந்த ‘எஃபுரு’. அதே ஆண்டில் கென்யாவின் கிரேஸ் ஒகோட்டும் தன் முதல் நாவலை வெளியிட்டார்.

கேள்வி: ‘எஃபுரு’ படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதை நகரவே இல்லையே?

பதில்: அன்றைய விமர்சகர்கள் சிலரும் இதைத்தான் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடன், சந்தை, காய்ச்சல், பிள்ளைப்பேறு என்று அந்தப் பெண்கள் பேசுகிற பேச்சுதான் கதை. எஃபுரு நன்றாக வியாபாரம் செய்கிறாள். ஊருக்கோ அவளுக்கு ஏன் பிள்ளை தங்கவில்லை என்பதே கவலை. எஃபுருவின் முதல் மாமியாருடைய சகோதரி அஜனுபு வருகிற இடங்களை மறுபடி படியுங்கள். எஃபுருமேல் இரண்டாவது கணவன் வீண்பழி சுமத்துகிறான். தட்டிக்கேட்ட அஜனுபுவை அறைந்தும் விடுகிறான். அவள் உலக்கையை எடுத்து அவன் தலையிலேயே போடுகிறாள்!

கடைசிப் பக்கத்தில் ஏரித் தெய்வம் உஹாமிரி வருகிறாள். செல்வமும் அழகும் உடையவள், ஆனால் தாய்மையின் இன்பத்தை அறியாதவள். பிறகு ஏன் பெண்கள் அவளை வணங்குகிறார்கள்? நாவல் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இன்னொரு நைஜீரிய எழுத்தாளரான புச்சி எமெச்செட்டா 1979இல் தன் நாவலுக்குத் ‘தாய்மையின் இன்பங்கள்’ என்று பெயர் வைத்தது இந்த வரியிலிருந்துதான்.

கேள்வி: மரியாமா பா ஏன் அதிகம் எழுதவில்லை?

பதில்: காலம் கொடுக்கவில்லை. செனகலில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். முதல் நாவல் 1979இல் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. கணவனை இழந்து துக்கம் காக்கும் ரமதுலாயே, தோழி அய்ஸ்ஸத்துவுக்கு எழுதும் ஒரே நீண்ட கடிதம் அது. அந்தக் கணவன் இரண்டாவதாக மணந்தது மகளின் பள்ளித் தோழியை. ஆப்பிரிக்காவில் வெளியாகும் நூல்களுக்கான நோமா விருது, 1980இல் முதன்முதலாக இந்த நாவலுக்குத்தான். அடுத்த ஆண்டே பா மறைந்தார். இரண்டாவது நாவலை அச்சில் பார்க்கவில்லை.

கேள்வி: இவர்களில் யாருக்கும் நோபல் இல்லையா?

பதில்: இல்லை. 1991இல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையின எழுத்தாளர் நதீன் கோர்டிமருக்குக் கொடுத்தார்கள். கறுப்பினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பெண் ஒருவருக்கும் இதுவரை கொடுக்கவில்லை. கானாவின் அமா அட்டா ஐடூ 2023இல் காலமானபோது எனக்கு ஆற்றாமையாகவே இருந்தது.

கேள்வி: எமெச்செட்டாவின் கையெழுத்துப் பிரதியை அவர் கணவரே எரித்தாராமே?

பதில்: உண்மைதான். லண்டனில் நடந்தது. எமெச்செட்டா 22 வயதில் பிள்ளைகளோடு அவரைப் பிரிந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே சமூகவியலில் பட்டம் வாங்கினார். எரிந்துபோன நாவலை முதலிலிருந்து திரும்ப எழுதினார். 1976இல் அது ‘மணப்பெண் விலை’ என்ற பெயரில் வெளிவந்தது.