35-ஆல் பெருக்கிப் பாருங்கள்: டாங்க் மாடல் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பெட்டியில் வந்தபடியே ஒட்டினால் டாங்க் பொம்மை மாதிரி நிற்கிறது, கையால் என்னென்ன செய்து சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் ராணுவத்தில் 17 வருஷம் வண்டி மெக்கானிக். டி-55, விஜயந்தா டாங்குகள் இரண்டுக்கும் அடியில் படுத்து கிரீஸ் பூசியவன். இப்போது காரிமங்கலத்தில் வெல்டிங் பட்டறை. ராத்திரி ஷட்டரை இறக்கியபின் அதே மேஜையில்தான் மாடல் வேலையும்.

1:35 அளவில் டி-55 கிட் வாங்கினேன். அதற்கென்று தனியாக விற்கும் பித்தளைத் தகட்டுப் பாகங்களின் விலை கிட் விலையைத் தொடுகிறது. கையாலேயே செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?
– பாலிடெக்னிக் மாணவர், பாலக்கோடு

தாராளமாக முடியும் தம்பி. முதலில் உங்கள் பாலிடெக்னிக் லேபில் ஒரு வெர்னியர் காலிப்பர் கேட்டு வாங்கி, கிட்டின் மட்கார்டு ஓரத்தை அளந்து பாருங்கள். 1 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:35 என்றால் நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு; அதனால் அதை 35-ஆல் பெருக்கினால் 35 மி.மீ. நிஜ டி-55-இன் பக்கவாட்டுக் கவசமே 80 மி.மீ.தான். குண்டு தடுக்கிற இரும்பில் ஏறக்குறைய பாதி கனத்துக்கு உங்கள் மட்கார்டு நிற்கிறது! நிஜத்தில் அது சாதாரணத் தகடு. குறுகலான இடத்தில் திரும்பும்போது மரத்தில் இடித்தால் மடங்கிவிடும், நாங்கள் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவோம். பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் எங்கோ இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் முதல் வேலை புதிதாக எதையும் ஒட்டுவது கிடையாது, இருப்பதை மெலிதாக்குவது. மட்கார்டின் அடிப்பக்கத்தில், ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்வரைக்கும் சரிவாகச் சீவிவிட்டு உப்புத்தாள் போடுங்கள். ஓரம் மெலிந்தால் போதும், உள்பக்கக் கனத்தை யாரும் பார்க்க முடியாது. முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, குளிர்பான கேனின் தகட்டில் புதிதாகச் செய்யுங்கள். கேன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ., அதாவது நிஜ அளவில் மூன்றரை மி.மீ. கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். பாகத்தின் வடிவம் வரைந்த காகிதத்தை மேலே ஒட்டி வெட்டினால் கோடு விலகாது. வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், கவனம். கிட்டுக்கான பசை உலோகத்தில் பிடிக்காது, ஃபெவிக்விக்தான் வேண்டும். ஒட்டி முடித்ததும் ஒரு மூலையைக் குறடால் லேசாக வளைத்துவிடுங்கள். அந்த ஒரு நெளிவு பத்து பித்தளைப் பாகத்துக்குச் சமம்.

அடுத்தது கைப்பிடிகள். கிட்டில் இவை டாங்கோடு சேர்ந்தே வார்த்திருக்கும், நடுவில் இடைவெளியே இருக்காது. பிடிக்க முடியாத கைப்பிடி எதற்கு? செதுக்கி எடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. அங்கே போய் 26 கேஜ் எனாமல் செம்புக்கம்பி ஒரு முழம் கேளுங்கள். பழைய மோட்டாரிலிருந்து பிரித்துப் போட்டதில் சும்மாவே தருவார்கள். 26 கேஜ் என்றால் 0.46 மி.மீ.; பெருக்கினால் 16 மி.மீ. கம்பி. உள்ளங்கையில் அடங்குகிற சரியான கனம். எனாமலை உப்புத்தாளால் உரசிவிடுங்கள், அப்போதுதான் பெயின்ட் நிற்கும். எல்லாக் கைப்பிடியும் ஒரே அகலம் வர வேண்டுமானால் கேன் தகட்டில் ஒரு பட்டை வெட்டி அதன் மேல் வைத்து மடியுங்கள். துளை போட 0.5 மி.மீ. டிரில் பிட், கையால் திருகும் பிடியோடு.

போல்ட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பட்டறைக்கு வந்த ஒரு டர்னர். பாகங்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் கொடியை, அதாவது ஸ்ப்ரூவை, அரத்தால் ஆறு பட்டையாக ராவுங்கள். மெழுகுவர்த்திக்கு மேலே, சுடர் தொடாமல், திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். பளபளப்பு ஏறித் தொங்க ஆரம்பித்ததும் வெளியே எடுத்து நிதானமாக இழுத்தால், எவ்வளவு மெலிந்தாலும் ஆறு பட்டை அப்படியே இருக்கும்! ஆறியபின் பிளேடால் சீவினால் சீவலுக்கு ஒரு போல்ட் தலை. அளவுக்கு ஸ்பானரை நினைத்துக்கொள்ளுங்கள். 24-ஆம் நம்பர் ஸ்பானர் போடுகிற போல்ட் மாடலில் 0.7 மி.மீ. டி-55 மெட்ரிக் வண்டி என்பதால் இந்தக் கணக்கு நேராகவே வரும்.

பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், கிட்டும் அதே ஜாதி, பசை நன்றாகப் பிடிக்கும். 5 என்றால் எடுக்காதீர்கள், ஒட்டவே ஒட்டாது. பழைய சி.டி. பெட்டியின் கண்ணாடி மூடியும் பாலிஸ்டைரீன்தான். பெரிஸ்கோப் கண்ணாடிக்கு அதை விட்டால் வேறில்லை.

இதெல்லாம் முடிந்தபின் வலதுபக்க மட்கார்டின் மேலிருக்கும் தட்டையான டீசல் தொட்டிகளைப் பாருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குழாய் ஓடும். உங்கள் கிட்டில் அது விட்டுப்போயிருந்தால் அதே செம்புக்கம்பியால் போட்டுவிடுங்கள். குழாய் இல்லாவிட்டால் தொட்டியில் இருக்கிற டீசல் இன்ஜினுக்கு எப்படிப் போகும்? ஒவ்வொரு பாகத்தையும் இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். எது விட்டுப்போயிருக்கிறது என்று வண்டியே சொல்லும்.

சங்கிலித் தடத்தையும் விட்டுவிடாதீர்கள். டி-55-இல் மேலே தாங்கும் உருளை கிடையாது, தடம் தன் கனத்தில் சக்கரங்கள் மேல் தொய்ந்து படுக்கும். கிட்டில் வரும் ரப்பர் தடம் விறைத்துக்கொண்டு நிற்கும். சக்கரத்தின் தலையில் ஒட்டி, காயும்வரை பஞ்சை அடைத்து அழுத்தி வையுங்கள்.

1971 போர்க்கால டி-55 செய்கிறேன். நண்பர் ஒருவர் பீரங்கிக் குழலின் நடுவில் ஒரு தடிப்பு வேண்டும் என்கிறார். கிட்டில் அது முனையில் இருக்கிறது. எது சரி?
– வாசகர், அரூர்

கிட்தான் சரி. அந்தத் தடிப்புதான் புகை வாங்கி, சுட்டபின் குழலில் தங்கும் புகையை வெளியேற்றுவது. 100 மி.மீ. ரஷ்யக் குழலில் அது முனையிலேயே இருக்கும். பிற்பாடு நம் ராணுவம் பல டி-55-களுக்கு 105 மி.மீ. குழல் மாற்றியது, அதில்தான் தடிப்பு நடுவாக்கில் வரும். நண்பர் பார்த்தது அந்தப் படமாக இருக்கும்.

பையனுக்கு 12 வயது. டாங்க் மாடல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கத்தி, பசை, தின்னர் என்றெல்லாம் நீங்கள் எழுதுவதைப் படித்தால் பயமாக இருக்கிறது.
– பள்ளி ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பயப்படுவது நியாயம்தான் அம்மா. கத்தியைப் பழக்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். தின்னரும் நெருப்பும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை ஸ்ப்ரூ இழுக்க மெழுகுவர்த்தி ஏற்றியபோது, ஒரு முழம் தள்ளி தின்னர் டப்பா மூடாமல் இருந்தது. ஆவி வந்து பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன், மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து மெழுகுவர்த்தி வேலை ஒரு நாள், தின்னர் வேலை இன்னொரு நாள்.

பையன் தார்ப்பாயிலிருந்து ஆரம்பிக்கட்டும். டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, டாங்கின் பின்னால் கிடத்தி நூலால் கட்டச் சொல்லுங்கள். காய்ந்ததும் மடிப்பு மடிப்பாக அசல் தார்ப்பாய்.

கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மாவு போன்ற கல் தூள் நிறைய கிடைக்கிறது. வார்ப்பிரும்பு மாதிரி சொரசொரப்பு கொண்டுவர இதைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

ஐயா, தூள் வேலை செய்யும், ஆனால் வேண்டாம். அதில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. வேலையிடத்தில் சுவாசிப்பதே போதும், அதை வீட்டு மேஜைக்கும் கொண்டுவர வேண்டாம். அங்கேயும் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.

தூள் இல்லாமலே வரும். ஸ்ப்ரூ துண்டுகளை என்.சி. தின்னரில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் கூழாகும். மெல்லிசாகப் பூசி, காய்வதற்குள் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். காய்ந்தபின் மேடுகளை மட்டும் உப்புத்தாளால் தடவிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எங்கே பூசுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டி-55-இல் பீரங்கி இருக்கும் மேல்கூண்டு மட்டும் வார்ப்பு, உடல் பற்றவைத்த தகடு. எம்48 பேட்டனில் இரண்டுமே வார்ப்பு. ஷெர்மன் டாங்கில் வகையைப் பார்க்க வேண்டும்: எம்4ஏ1-இன் உடல் வார்ப்பு, எம்4ஏ3-இன் உடல் தகடு. விஜயந்தா முழுக்கத் தகடு, அதில் சொரசொரப்பு பூசினால் வண்டியே மாறிவிடும். தகடு வண்டிகளுக்கு வெல்டிங் வரிதான் அழகு. எம்-சீலைப் பிசைந்து நூல் மாதிரி உருட்டி, மூட்டில் வைத்து, தண்ணீர் தொட்ட கத்தி முனையால் பிறை பிறையாக அழுத்துங்கள். நிஜ வெல்டிங்கில் ராடு நகரும் தாளம் அதுதான். ஒரு நாள் ஏதாவது வெல்டிங் பட்டறையில் நின்று ஆறிய மூட்டைத் தடவிப் பாருங்கள், கைக்கு வந்துவிடும்.

ஆன்டெனா ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் உடைகிறது.
– வாசகர், மொரப்பூர்

கிட்டாரின் மிக மெல்லிய எஃகுக் கம்பி, 0.25 மி.மீ. 7 செ.மீ. வெட்டினால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆன்டெனா. தட்டினாலும் நிமிர்ந்துகொள்ளும்.

1965-இல் கெம்கரணில் சிக்கிய பேட்டன் டாங்க் செய்து, எங்கள் வயல் மண்ணையே சலித்துப் பீடத்தில் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது.
– விவசாயி, பர்கூர்

உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் வயல் செம்மண். கெம்கரண் பஞ்சாப், அங்கே ஆற்று வண்டல், சாம்பல் கலந்த பழுப்பு. நம் மண்ணின் சிவப்பு அங்கே வராது. ஏரி வண்டலைக் காயவைத்து இடித்துச் சலித்தால் நிறம் கிட்டத்தில் வரும்.

சலிப்பதும் முக்கியம். மாடலில் 1 மி.மீ. மணல் நிஜத்தில் 35 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குல ஜல்லி. வேட்டித் துணியில் சலித்தது மட்டும்தான் மண்.

இன்னொன்றும் இருக்கிறது. கெம்கரணை அடுத்த அசல் உத்தரில் 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில், நம்மவர்கள் கால்வாயை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். கரும்புத் தோட்டங்களுக்குள் வந்த பாகிஸ்தானின் பேட்டன்கள் சேற்றில் புதைந்து நின்றன. ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பீரங்கியோடு அப்துல் ஹமீது அவற்றை எதிர்கொண்டதும் அங்கேதான். வீர மரணத்துக்குப் பின் பரம்வீர் சக்கரம் பெற்றார். ஆகவே உங்கள் பேட்டனுக்குக் காய்ந்த புழுதி பொருந்தாது. வண்டல் தூளை ஃபெவிகாலில் குழைத்துச் சக்கரங்களுக்கு நடுவே திணியுங்கள். தடம் சேற்றில் சக்கர உயரத்தில் கால் பங்காவது அமிழ்ந்திருக்கட்டும். ஈரமாகத் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பளபள வார்னிஷ்.

கரும்பு உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மூன்று செ.மீ. தடிமன் கரும்பு மாடலில் 0.85 மி.மீ. விளக்குமாற்று ஈர்க்கின் நுனிப்பகுதி அதே கனம். 4 மி.மீ.க்கு ஒரு கணு வரைந்து, 8 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். தோகைக்கு மெல்லிய தாள். டாங்க் நசுக்கிப்போன கரும்பு எப்படிப் பிளந்து கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதைச் செய்து ஒரு படம் அனுப்புங்கள், நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த வண்டியை மாடலாகச் செய்துவிட்டீர்களா?
– வாசகர், இராயக்கோட்டை

செய்துகொண்டிருக்கிறேன். ஆவடியில் உருவான விஜயந்தா. கிட் எதையும் நம்பாமல் ஷீட்டிலிருந்தே வெட்டி எடுக்கிறேன். அகலம் 3.17 மீட்டர், மாடலில் ஒன்பது செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். 105 மி.மீ. குழலின் உள்வாய் 35-ஆல் வகுத்தால் துல்லியமாக 3 மி.மீ.; அந்த டிரில் பிட் பட்டறையிலேயே இருந்தது. ஆறு சக்கரம், மேலே மூன்று உருளை, எல்லாம் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. முன்னால் வலதுபுறம் டிரைவர் மூடி இருக்கிறது. அதன் கீலை மட்டும் மூன்று தடவை செய்து மூன்று தடவையும் பிடுங்கிவிட்டேன். எத்தனையோ நாள் அந்த மூடியைத் தூக்கிய கை இது, அது திரும்புகிற விதத்தில் இது திரும்பவில்லை. நாலாவது கீல் இப்போது மேஜையில் காய்ந்துகொண்டிருக்கிறது.