காரைத் தாழ்த்தினால் லிங்க் ராடையும் மாற்ற வேண்டுமா? அதற்குக் கோவை வரை போக வேண்டுமா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். லோயரிங் ஸ்பிரிங் போட்டுக் காரை 40 மில்லி தாழ்த்தியபின் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம் வருகிறது, அட்ஜஸ்டபிள் லிங்க் ராட் (உடம்பு சாயாமல் பிடிக்கும் ஸ்வே பார் என்ற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய தண்டு) போட்டால் போகுமா என்பது ஒன்று. "திருநெல்வேலி மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் தெரியாது, கோவைக்குக் கொண்டுபோகலாமா" என்பது இன்னொன்று. முதல் கேள்வி மட்டும் என்றால் படித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவதைப் பார்த்தபின் சும்மா போக முடியவில்லை.

கேட்டவரே, உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஸ்பிரிங்கை ஆன்லைனில் வாங்கி நீங்களே யாரையோ வைத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என்னிடம் இருப்பது அபார்த் புன்டோ. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன். 2015இல் வந்த கார், ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் இதை வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பெருமை, அதை மறைக்கப் போவதில்லை. 35 மில்லி தாழ்த்தினேன். முதல் நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளம் வந்து போனபின் எங்கள் பக்கத்து ரோடுகள் எப்படி ஆயின என்று உங்களுக்கே தெரியும். அப்புறம்தான் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடது பக்கம் ஒரு அடி, இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரி.

படித்ததை வைத்து நானே முடிவு செய்துவிட்டேன். கார் கீழே வந்துவிட்டது, ஆகவே லிங்கும் குட்டையாக வேண்டும். பழையதைவிட 25 மில்லி குட்டையாக வைக்கக்கூடிய அட்ஜஸ்டபிள் லிங்க் இரண்டு வரவழைத்தேன், ஒன்பதாயிரம் ரூபாய். போட்டதும் சத்தம் இரண்டு மடங்கானது. பெரிய ஊரில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் போனில் கேட்டேன். ஷாக் அப்சார்பர் போய்விட்டது, நான்கும் மாற்றுங்கள் என்றார். காரைப் பார்க்கவில்லை, எந்த ஸ்பிரிங் என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியில்தான் வண்ணார்பேட்டைப் பக்கம் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அறுபது வயது தாண்டியவர். பாதி வாழ்க்கை அம்பாசடருக்கு அடியில் படுத்தே போயிற்று. அம்பாசடரைச் சும்மா சொல்லவில்லை. அந்தக் காரின் முன்பக்கம் டார்ஷன் பாரில், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குப்படும் கம்பியில், நின்றது. கம்பியை முறுக்கினால் அது எப்படித் திருப்பித் தள்ளும், எந்தக் கோணத்தில் வைத்தால் என்ன செய்யும் என்பது அவர் கைக்குப் பழகிய விஷயம். ஸ்வே பாரும் முறுக்குப்படுகிற கம்பிதானே, இரண்டு முனையும் கை மாதிரி வளைந்து லிங்கோடு சேரும். ஒரு சக்கரம் மேலே போய் மற்றது போகாவிட்டால் முறுக்கிக்கொண்டு உடம்பு சாயாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

அவர் முதலில் செய்தது, இரண்டு லிங்கையும் கழற்றி வைத்துவிட்டு, "மெதுவா ஒரு சுத்து போயிட்டு வா தம்பி, வளைவுல பாத்து" என்றது. ஒன்றை மட்டும் கழற்றாமல் இரண்டையும் கழற்றினார், கவனித்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையம் வரை போய் வந்தேன். கார் படகு மாதிரி ஆடியது, சத்தம் சுத்தமாக இல்லை. நான்கு ஷாக்குக்கான காசு அந்த இருபது நிமிடத்தில் மிச்சம்.

"ஷாக்ல ஒண்ணும் இல்லடே. பாரோட கை மேல போயி பாடில முட்டுது. நீ லிங்கக் குட்டையாக்கி இன்னும் மேல தூக்கி விட்டுருக்க. அளக்காம ஏன் வாங்குன?"

இதுதான் விஷயம். என் காரில் லிங்கின் மேல்முனை ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), கீழ்முனை பாரில். கார் தாழ்ந்தால், பாடியோடு ஒப்பிடும்போது சக்கரமும் ஸ்ட்ரட்டும் மேலே வந்துவிட்டன என்று அர்த்தம். ஸ்ட்ரட் லிங்கை இழுக்கும், லிங்க் பாரின் கையை இழுக்கும். அந்தக் கை பழைய இடத்துக்கு இறங்க வேண்டும் என்றால் லிங்க் நீளமாக வேண்டும், குட்டையாக அல்ல. லிங்க் லோயர் ஆர்மிலிருந்து (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் இரும்புக் கை) மேலே பாருக்குப் போகிற கார்களில் கணக்கு நேர் எதிர், அங்கே குட்டையாக வேண்டும். இன்னும் சில கார்களில் தாழ்த்தியபின் பார், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டிலோ சக்கரத்தைத் திருப்பும் டை ராடிலோ உரசும். அங்கே எது உரசுகிறதோ அதிலிருந்து விலகும் பக்கம்தான் சரி. ஆகவே "தாழ்த்திய காருக்கு இந்த நீளம்" என்று பொதுவாக யார் சொன்னாலும் வாங்காதீர்கள், நான் சொன்னாலும்.

நான் வாங்கிய லிங்க் அவ்வளவு நீளாது. பேட்டை பக்கம் ஒரு லேத் கடையில் அறுகோணக் கம்பியில் புது நடுத்தண்டு கடைந்து வாங்கினோம், ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. அப்போதுதான் நடுவில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் இரண்டு முனையும் சேர்ந்து நீளும், குறையும். பழைய லிங்கைவிட 30 மில்லி நீளத்தில் வைத்தோம். இதைப் படித்ததும் "பட்டறையில் செய்த பாகமா, உயிரோடு விளையாடுகிறாய்" என்று வருவீர்கள், தெரியும். பழைய லிங்கை அறுத்து வெல்டு வைப்பதை நானும் எதிர்க்கிறேன், அதை யாரும் செய்யாதீர்கள். இதில் வெல்டே கிடையாது. முனையில் இருப்பது கம்பெனி பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டு). 12 மில்லி மரை, குறைந்தது 18 மில்லி உள்ளே போயிருக்க வேண்டும் என்று அண்ணாச்சி அளந்து பார்த்துத்தான் லாக் நட்டை இறுக்கினார். ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை நட்டைச் சரிபார்க்கிறேன்.

மாட்டுகிற முறைதான் பலருக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி மாட்டினால் பார் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அண்ணாச்சி நான்கு சக்கரமும் சமமாக நிற்கும்படி பலகை மேல் ஏற்றி, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். வலது பக்கத்தை முதலில் இறுக்கினார். இடது பக்க லிங்கின் நீளத்தை, போல்ட் ஓட்டையில் கையாலேயே நழுவி நுழைகிற வரை திருகினார். சுத்தியலால் தட்டவில்லை. முடிவில் இரண்டு பக்கமும் மூன்று மில்லி வித்தியாசம். அது தப்பில்லை, அதற்காகத்தான் அட்ஜஸ்டபிள்.

இன்னொரு தப்பும் நடந்தது. அதே நடுத்தண்டில் முதலில் ரேஸ் வண்டியில் போடுகிற, ரப்பர் பூட் (தூசி புகாமல் மூடும் உறை) இல்லாத ராட் எண்ட் (உருண்டை வெளியே தெரியும் மூட்டு) போட்டுப் பார்த்தேன். மாமனார் ஊர் திசையன்விளை, மாதம் இரண்டு முறை போவோம். தேரிச் செம்மண் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். எட்டே மாதத்தில் உருண்டை லொடலொடத்துவிட்டது. தினமும் ஓட்டுகிற காருக்குக் கிரீஸ் அடைத்த, பூட் போட்ட பால் ஜாயிண்ட்தான் சரி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்தால் பார் முறுக்கிக்கொள்ளாது. 20 மில்லி தாழ்த்தியவர்கள் பலர் பழைய லிங்கோடே நன்றாக ஓட்டுகிறார்கள். 40 மில்லி என்றால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பழைய லிங்கின் பூட் கிழிந்திருக்கிறதா, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் ஆடுகிறதா, ஸ்ட்ரட்டை மேலே பாடியில் பிடிக்கும் மவுண்ட் போயிருக்கிறதா பாருங்கள். தேய்ந்த சாதாரண லிங்கும் இதே டக் டக்தான் போடும்.

சட்டம் பேச வருகிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு எனக்கும் தெரியும், பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. தாழ்த்துங்கள் என்று நான் யாரையும் சொல்லவில்லை. ஏற்கெனவே தாழ்த்தியவர் பாதுகாப்பாக ஓட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதே அக்கறை வேகத்தடைக்கும் வர வேண்டாமா? இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் ஊர் உள்ரோடுகளில் ஒரு முழ அகலத்தில், வெள்ளைப் பெயிண்ட் இல்லாமல், இருட்டில் சுவர் மாதிரி நிற்கிறது. தாழ்த்தாத காரும் தட்டுகிறது. என் சித்தப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் அதில் விழுந்து தோள்பட்டை விலகி இரண்டு மாதம் படுத்திருந்தார். அதற்கு எந்தப் பிரிவு என்று யாராவது சொல்லுங்கள்.

கோவையில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இந்த "ஒன்றும் தெரியாத" ஊரில்தான் ஒருவர் காதால் கேட்டுக் கையால் அளந்து என் காரைச் சரிசெய்தார். கூலி எழுநூறு ரூபாய். இப்போது பாபநாசம் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கார் ஒட்டிக்கொண்டு போகிறது. காவல்கிணறு பக்கம் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் ஸ்டியரிங் கையில் அமைதியாக இருக்கிறது. ஒரு நாள் காலையில் காரைக் கொண்டுவாருங்கள், நானே அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். லிங்கை மட்டும் அதற்கு முன்னால் வாங்கிவிடாதீர்கள்.