டேங்க் நிரப்பினால் காருக்குள் பெட்ரோல் வாடை: கசிவை எங்கே தேடுவது?

டேங்கை முழுவதும் நிரப்பிய பிறகு சில நாட்களுக்குக் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிறகு தானாகவே குறைந்துவிடுகிறது, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, மெக்கானிக்கும் கசிவு எதுவும் இல்லை என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் வாடை வருகிறது என்றால், அதன் மேல்பகுதியில் உள்ள ஏதோ ஓர் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோலின் மட்டம் அந்த இணைப்புக்குக் கீழே இறங்கியதும் கசிவு நின்றுவிடுகிறது. அதுவரை கசிந்த சிறிதளவும் டேங்கின் முதுகிலேயே ஆவியாகிவிடுவதால் தரைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

என் காரிலும் இதே குறை இருந்தது. பின்இருக்கையின் மெத்தையைத் தூக்கி, அதற்கடியில் இருந்த தகட்டு மூடியைக் கழற்றியதும், டேங்குக்குள் இறங்கியிருக்கும் பெட்ரோல் பம்பின் தலைப்பகுதி தெரிந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத் தூசி ஒரே சீராகப் படிந்திருக்க, பம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தூசி கழுவியதுபோல் நீங்கி, அதன் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. பெட்ரோல் வேகமாக ஆவியாகும் என்பதால் ஈரத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கசிவு அகப்படாது. தூசியில் உள்ள மாற்றத்தைத்தான் தேட வேண்டும். தகட்டு மூடியின் ரப்பர் விளிம்பும் இறுகிப்போயிருந்ததால், டேங்கின் மேல் தேங்கிய ஆவி நேராகக் காருக்குள் வந்துகொண்டிருந்தது.

அங்கே எந்தத் தடயமும் இல்லையென்றால், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். பல கார்களில் அது பின்சக்கரத்தின் உட்புறம் செல்கிறது. கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு விடும். பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் உள்ள வாஷரையும் சோதியுங்கள். பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் விளிம்பு வரை ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும். டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோல் புகுந்தால், கரி ஊறிப்போய் ஆவியைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். நிரப்பியவுடன் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், அந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0442, பி0455 போன்ற குறியீடுகள் இருந்தால் அவை இந்த ஆவி அமைப்பில் உள்ள கசிவைக் குறிப்பவை.

டேங்கின் அளவோடு தொடர்பில்லாமல், ஸ்டார்ட் செய்தவுடனோ சிக்னலில் நிற்கும்போதோ வாடை வருவது வேறு விஷயம். ஏசிக்கான வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகவே உள்ளே வருகிறது. ஆகவே பேனட்டுக்கடியில், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ரப்பர் வளையமோ பெட்ரோல் ஹோஸோ கசிந்தால் வாடை நேரே உங்கள் முகத்துக்கு வரும். காற்றை உள்சுழற்சிக்கு மாற்றியதும் வாடை குறைந்தால் முன்பக்கத்தைத் தேடுங்கள். அங்கே குழாய்களில் சாதாரணமாக 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும், பக்கத்திலேயே சூடான எஞ்சினும் இருக்கிறது. எனவே அப்படியொரு சந்தேகம் எழுந்த காரை ஓட்ட வேண்டாம், வேறொரு வண்டியில் ஏற்றி எடுத்துச் செல்லுங்கள். இந்த ஒன்றில் யாரும் துணிச்சல் காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கே தேடினாலும் காலையில், கார் ஆறியிருக்கும்போது, திறந்தவெளியில் தேடுங்கள். சிறிது நேரத்திலேயே மூக்கு வாடைக்குப் பழகிவிடும். அதுவரை காரில் ஏறாத ஒருவரை அழைத்து முகரச் சொன்னால் இடம் விரைவில் பிடிபடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது என்பதால் பள்ளத்திலும் கார் தரையிலும் தங்கும்; காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. கம்பி போட்ட பல்பு விளக்கு, செல்போன், சிகரெட் எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

பம்பின் வளையத்துக்கடியில் உள்ள ரப்பர் சீலை மாற்றுவதென்றால் டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கும். பிறகு சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். தலைப்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். வளையத்தை இரும்பு உளியால் தட்டித் திருகுவதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தீப்பொறி போதும் என்பதால், அதற்கென்றே உள்ள ஸ்பேனரை அல்லது மரக்கட்டையைப் பயன்படுத்துங்கள். பழைய சீலைத் திரும்பப் போடாதீர்கள், பெட்ரோலில் ஊறி உப்பியிருப்பதால் அது பள்ளத்தில் உட்காராது. பம்பைப் பொருத்தும்போது அதன் தலையில் உள்ள அம்புக்குறியும் டேங்கில் உள்ள கோடும் நேராக வருகின்றனவா என்று பார்த்து, வளையத்தை முழுவதும் இறுக்கிய பின் தகட்டு மூடியின் ரப்பரையும் புதிதாகப் போடுங்கள்.

உடனே மெத்தையை மூடிவிட வேண்டாம். ஃபியூஸையும் பேட்டரி முனையையும் திரும்பப் பொருத்தி, சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து பம்பை ஓடவிட்டு இணைப்புகளைப் பாருங்கள். பிறகு டேங்கை நிரப்பி, வளைவுகள் உள்ள சாலையில் ஜன்னல்களைத் திறந்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வளையத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை ஒற்றி முகர்ந்து பாருங்கள். காகிதத்தில் வாடை இல்லாமல், காருக்குள் மட்டும் லேசாக இருந்தால் அது தரைவிரிப்பில் ஏறிய பழைய வாடையாக இருக்கலாம். விரிப்பை எடுத்து வெளியில் காயவைத்தால் போய்விடும்.